பழைய புரொசசருக்குப் புதிய கிராபிக்ஸ் கார்ட்: பணம் கொடுக்குமுன் அளக்க வேண்டியவை

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை போன்ற மலையக நகரங்களின் கணினிக் கடைகளில் எளிதில் கிடைப்பவை, வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்த டெல், எச்பி, லெனோவோ மேசைக் கணினிகள். அவற்றுள் பல இன்டெல்லின் மூன்றாம், நான்காம் தலைமுறை புரொசசர் கொண்டவை. அதாவது 2012, 2013 ஆம் ஆண்டுகளில் சந்தைக்கு வந்தவை. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கென்று அப்படியொரு கணினியை வாங்கிய வீட்டில், சிறிது காலத்தில் அடுத்த கேள்வி எழுகிறது: இதற்கு எந்த கிராபிக்ஸ் கார்ட் போடலாம்?

"கார்டை விடுங்கள், கணினியையே மாற்றுங்கள்" என்பது முன்பெல்லாம் போதுமான பதிலாக இருந்தது. இப்போது அதைச் சொல்வது கடினம். 2025 அக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை, ஒரு சிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. மாற்றத்தான் வேண்டும் என்று பலர் நினைத்த அதே வேளையில், 2025 இன் இறுதிப் பகுதியில் ரேம் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். இலங்கையில் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் இதனோடு சேர்கிறது. முழுக் கணினியையும் மாற்ற வழியில்லாதவர், கார்டை மட்டுமாவது மாற்றுவோம் என்று எண்ணுவது முற்றிலும் நியாயம்.

ஆனால் அந்த எண்ணத்திலேயே கணிசமான பணம் வீணாகவும் முடியும். பழைய கணினி ஒன்றுக்கு எந்த கார்ட் பொருந்தும் என்பதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன: புரொசசரால் தர முடிந்த பிரேம்கள், மொனிட்டரால் காட்ட முடிந்த பிரேம்கள், பவர் சப்ளை தாங்கும் வாட். மூன்றும் உங்கள் மேசையில் இருக்கின்றன. கார்டின் பெட்டியில் அவை எழுதப்பட்டிருப்பதில்லை.

## ஒரு பிரேம் பிறப்பது எப்படி

திரையில் ஓடும் விளையாட்டு, அசையாப் படங்களின் தொடர். அந்தப் படம் ஒவ்வொன்றும் ஒரு பிரேம். ஒரு பிரேமை உருவாக்க இருவர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, வாகனம் எப்படிச் சரிகிறது என்பவற்றைக் கணக்கிட்டு, "இன்னின்ன பொருள்களை வரை" என்ற கட்டளைப் பட்டியலைத் தயாரிப்பது புரொசசர். அந்தப் பட்டியலை வாங்கி நிறமும் ஒளியும் நிழலும் சேர்த்து வரைவது கிராபிக்ஸ் கார்ட்.

ஒரு வினாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால், ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. புரொசசர் தன் பங்கை முடிக்க 25 மில்லி வினாடி எடுக்கிறது என்று வையுங்கள். வினாடிக்கு 40 பட்டியல்களுக்கு மேல் அதனால் தர முடியாது. கார்ட் ஒரு பிரேமை 5 மில்லி வினாடியில் வரைந்துவிட்டாலும் மிச்சமுள்ள 20 மில்லி வினாடியும் அது சும்மா காத்திருக்கும். இருமடங்கு விலையில் வேறொரு கார்ட் போட்டால் காத்திருக்கும் நேரம்தான் கூடும். பிரேம் 40 ஆகவே இருக்கும்.

இதைத்தான் கடைகளிலும் காணொளிகளிலும் "பொட்டில்நெக்" என்கிறார்கள். புரொசசர் பெயரையும் கார்ட் பெயரையும் கொடுத்தால் "23 சதவீத பொட்டில்நெக்" என்று விடை தரும் இணையக் கணிப்பான்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே கணினியில் ஒரு விளையாட்டுக்குப் புரொசசர் தடையாக இருக்கும். இன்னொன்றுக்குக் கார்ட் தடையாக இருக்கும். ஒரே விளையாட்டின் இரு வேறு காட்சிகளிலேயே இது மாறும். ஒற்றை எண்ணால் சொல்லக்கூடிய விடயம் அல்ல இது.

ரெசலூஷனின், அதாவது படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையின், பங்கை இங்கே விளங்கிக்கொள்வது அவசியம். 1280×720 திரையில் சுமார் 9.2 இலட்சம் புள்ளிகள். 1920×1080 திரையில் சுமார் 20.7 இலட்சம். புள்ளிகள் இருமடங்குக்கு மேல் கூடும்போது கார்டின் வேலையும் பெருமளவு கூடுகிறது. புரொசசரின் வேலையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஏனெனில் எதிரிகளின் எண்ணிக்கை மாறவில்லை. இந்த வேறுபாட்டைக் கொண்டே புரொசசரின் உச்சவரம்பை வீட்டில் அளந்துவிடலாம்.

## உச்சவரம்பை அளக்கும் முறை

ஏதோவொரு கார்ட் ஏற்கெனவே இருந்தால், அல்லது தெரிந்தவரிடம் ஒரு நாளைக்கு வாங்க முடிந்தால், இதைச் செய்யுங்கள்:

1. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, பிரேம் எண்ணிக்கை, கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், புரொசசரின் ஒவ்வொரு கோரின் (தனித்தனியாக வேலை செய்யும் அதன் உட்பகுதியின்) பயன்பாடு ஆகியவை திரையில் தெரியுமாறு செய்யுங்கள்.

2. விளையாட்டின் அமைப்பில் வி-சிங்கையும் (பிரேம்களை மொனிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) பிரேம் வரம்பையும் நிறுத்துங்கள்.

3. அதிகம் திணறும் இடத்திற்குப் போங்கள். நெரிசலான நகரம், பலர் மோதும் சண்டை போன்ற இடங்கள் பொருத்தம். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு அளந்தால் பயனில்லை.

4. ரெசலூஷனை மட்டும் 720 இற்குக் குறையுங்கள். மற்ற அமைப்புகளைத் தொடாதீர்கள். பார்வைத் தூரம், கூட்டத்தின் அடர்த்தி, நிழல் ஆகியவை புரொசசரின் சுமையையும் மாற்றுவதால் அவற்றைக் கலந்தால் அளவு பிழைக்கும்.

5. பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் இதுவரை தடையாக இருந்தது கார்ட். புதிய கார்டுக்குப் பயன் உண்டு. எண்ணிக்கை அசையாமல், கார்டின் பயன்பாடு 60, 70 சதவீதத்திலேயே நின்றால், அந்த எண்தான் உங்கள் புரொசசரின் உச்சவரம்பு.

டாஸ்க் மேனேஜரில் புரொசசரின் மொத்தப் பயன்பாடு 45 சதவீதம் என்று தெரிந்ததும் "புரொசசருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது" என்று முடிவுசெய்வது பரவலான தவறு. நான்கு கோர்களில் ஒன்று முழுமூச்சாக ஓடிக்கொண்டிருக்க மற்றவை பாதி ஓய்வில் இருந்தாலும் மொத்தம் அப்படித்தான் காட்டும். பல விளையாட்டுகள் இன்றும் ஒரு முதன்மைக் கோரையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

கார்டே இல்லாமல் புரொசசருக்குள் அமைந்த எச்டி 4600 கிராபிக்ஸுடன் மட்டும் இருப்பவர்களுக்கு இச்சோதனை பொருந்தாது. 720 இற்குக் குறைத்தாலும் அந்த உள்ளமைந்த கிராபிக்ஸே தடையாக இருக்கும். அவர்கள், தங்கள் புரொசசரோடு வலுவான கார்ட் ஒன்றைப் பூட்டி அதே விளையாட்டைச் சோதித்த காணொளிகளைப் பார்த்து, பிரேம் எண்ணிக்கை எங்கே தேங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து மொனிட்டர். அலுவலகக் கணினியோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் 60 ஹேர்ட்ஸ் திரை. பல 1600×900 அல்லது அதற்கும் குறைந்தவை. அந்தத் திரையால் வினாடிக்கு 60 பிரேமுக்கு மேல் முழுமையாகக் காட்ட இயலாது. புரொசசரின் உச்சவரம்பு 75, மொனிட்டரின் வரம்பு 60 என்றால், 1600×900 இல் 60 பிரேமை நிலையாகத் தரும் கார்ட் போதும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் கண்ணுக்குத் தெரியாத பிரேமுக்குச் செல்கிறது. நல்ல செய்தியும் இதில் இருக்கிறது: பழைய புரொசசர் என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை. உங்கள் இலக்கு 60 ஆக இருக்கும்போது, 140 பிரேம் வராதே என்று யாரோ சொல்வது உங்களுக்கான பிரச்சினை அல்ல.

## எல்லாப் பழையதும் ஒன்றல்ல

இரண்டாம் தலைமுறை புரொசசர், எடுத்துக்காட்டாக ஐ5-2400, 2011 இல் வந்தது. கார்டோடு தரவு பரிமாறும் அதன் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு இரண்டாம் பதிப்பு. மூன்றாம் தலைமுறையின் ஐ5-3470 மூன்றாம் பதிப்புக்கு உயர்ந்தது. அந்த இணைப்பின் வேகம் ஏறத்தாழ இருமடங்கு. நான்காம் தலைமுறையின் ஐ5-4570 கூடுதலாக ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியைக் கொண்டுவந்தது. அண்மைக் காலத்தில் சில விளையாட்டுகள் ஏவிஎக்ஸ்2 இல்லாத புரொசசரில் திறக்கவே மறுக்கின்றன. அங்கே எந்த கார்டும் உதவாது. எனவே இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்காரர் தாம் விளையாட நினைப்பதன் குறைந்தபட்சத் தேவையை முதலில் பார்க்க வேண்டும்.

நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவருக்குக் கார்டுக்கு முன்னால் வேறொரு வழி இருக்கிறது. அதே சொக்கெட்டில் பூட்டக்கூடிய ஐ7-4770, நான்கு கோர்களில் எட்டு திரெட்களை, அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைத் தொடர்களை, ஓட்டக்கூடியது. நான்கு திரெட் மட்டுமுள்ள ஐ5 புதிய விளையாட்டுகளில் நான்கும் 100 சதவீதத்தில் திணறும்போது, சராசரி பிரேம் நன்றாகத் தெரிந்தாலும் படம் இடையிடையே வெட்டி வெட்டி நிற்கும். ஐ7 அந்த வெட்டைப் பெருமளவு குறைக்கிறது. பாவித்த ஐ7 ஒன்று கார்டை விடப் பெரும்பாலும் மலிவு. அதேபோல், ஒரே ஒரு ரேம் குச்சி பூட்டிய கணினியில் அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்தால் நினைவகத்தின் பாதை இரட்டிப்பாகிறது. இவ்விரண்டையும் செய்த பிறகு உச்சவரம்பை மீண்டும் அளந்து, அதன்பின் கார்டைத் தெரிவுசெய்வதே சரியான வரிசை. கடையில் இந்த வரிசையை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## பவர் சப்ளை: பாதுகாப்பும் இதில்தான்

அலுவலகக் கணினிகள் கார்டுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 இன் பெரிய பெட்டியில் 290 வாட் பவர் சப்ளை. சிறிய பெட்டியில் 255 வாட். கார்டுக்கென்று தனியான 6 முள் அல்லது 8 முள் மின்கனெக்டர் அவற்றில் இல்லை. மதர்போர்ட்டுக்குச் செல்லும் கனெக்டரும் வழமையான 24 முள் வகையல்ல; 8 முள் கொண்ட டெல்லின் தனி வகை. ஆகவே "வேறு பவர் சப்ளை வாங்கிப் பூட்டலாம்" என்பது இணைப்பு வயர் ஒன்றையும் தேட வேண்டிய வேலை.

மதர்போர்ட்டின் ஸ்லொட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். தனி மின்கனெக்டர் இல்லாத பெட்டிக்கு, அந்த 75 வாட்டுக்குள் முழுவதும் அடங்கும் கார்ட் மட்டுமே பொருந்தும். நடைமுறையில் பட்டியல் குறுகியது: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, தனி மின்கனெக்டர் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400. ஐ5-4570 இற்கு 84 வாட், கார்டுக்கு 75 வாட், ஏனையவற்றுக்கு 50 வாட் என்று கூட்டினால் ஏறத்தாழ 210 வாட். 290 இற்குள் நிம்மதியாக அடங்குகிறது. 132 வாட் வேண்டும் ஆர்எக்ஸ் 6600 ஐப் போட்டால் கூட்டுத்தொகை 266. கனெக்டரும் இல்லை, மிச்சமும் இல்லை.

இந்தக் குறையை மறைக்க, வன்தட்டுக்குச் செல்லும் சாட்டா மின்கனெக்டரை 6 முள்ளாக மாற்றும் சிறு வயர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முட்கள் தாங்கக்கூடியது 54 வாட். 6 முள் கனெக்டரிலிருந்து கார்ட் இழுக்க உரிமையுள்ளது 75 வாட். இடைவெளி வெப்பமாகிறது. பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்மையானது. மரமும் தகரக் கூரையும் நெருக்கமாக அமைந்த லயன் வரிசையில் ஒரு வீட்டில் பிடிக்கும் தீ அந்த வீட்டோடு நிற்காது. பிரேம் எண்ணிக்கைக்காக எடுக்கக்கூடிய அபாயம் அல்ல இது.

சிறிய பெட்டி வைத்திருப்பவர் உயரத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு அரை உயரக் கார்ட் மட்டுமே பொருந்தும். 1650, 6400, 3050 6 ஜிபி மூன்றிலும் அரை உயர வகைகள் உள்ளன. முழு உயர வகைகளும் உள்ளன. பெயரை மட்டும் சொல்லிக் கொழும்பிலிருந்து வரவழைத்தால் மூடி பூட்ட முடியாத கார்ட் வந்து சேரலாம்.

## பெயரில் ஒளிந்திருக்கும் வேறுபாடுகள்

ஸ்லொட்டின் நீளம் முழுதாக இருந்தாலும் அதிலுள்ள 16 தரவுப் பாதைகளில் கார்ட் எத்தனையைப் பயன்படுத்துகிறது என்பது வேறு விடயம். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு பாதைகளை மட்டும் பயன்படுத்துகிறது; ஆர்எக்ஸ் 6400 உம் அப்படியே. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பு ஸ்லொட்டில் அது ஓரளவு சமாளிக்கும். மூன்றாம் பதிப்பில் நான்கு பாதை என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 4 ஜிபி. இரண்டாம் பதிப்பில் 2 ஜிபி. இரண்டு கார்டிலும் வழமையாக இருப்பது 4 ஜிபி நினைவகம். அது நிரம்பியதும் மிஞ்சிய தரவு கணினியின் ரேமிலிருந்து இந்த ஒடுங்கிய பாதை வழியாக வந்துபோக வேண்டும். படம் அப்போது சட்டென்று திணறும். பழைய மதர்போர்ட்டுக்கு 16 பாதைகளையும் பயன்படுத்தும் ஜிடிஎக்ஸ் 1650, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஆகியவை இந்த ஒரு காரணத்தாலேயே மேலானவை. எட்டுப் பாதைகளுள்ள ஆர்எக்ஸ் 6600 மூன்றாம் பதிப்பில் சிறிதே இழக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளலாம்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரு கார்டுகள் உண்டு. 8 ஜிபி வகை 130 வாட் இழுப்பது. 2024 இல் வந்த 6 ஜிபி வகை 70 வாட், வேகமும் குறைவு. அலுவலகக் கணினிக்குப் பொருந்துவது வேகம் குறைந்த அந்த இரண்டாவதே. ஜிடி 1030 இன் கதை இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 நினைவக வகையின் வேகம் வினாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகையுடையது 17 ஜிபிக்கும் குறைவு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே பெயர்.

இன்டெல்லின் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்ல வேகம் தருபவை. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசசர் ஒரே தடவையில் அணுகவிடுவது) மதர்போர்ட்டில் இருந்தால்தான் முறையாக இயங்கும். நான்காம் தலைமுறைக் கணினிகளில் அது இல்லை. ஆர்க் கார்டுகளின் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், புரொசசரிடம் அதிக வேலை வாங்குவதும் தெரியவந்திருக்கிறது. பழைய கணினிக்கு ஆர்க் வேண்டாம். டிரைவரின் சுமை என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் இடையிலும் வேறுபடுகிறது: டைரக்ட்எக்ஸ் 12 என்ற விண்டோஸ் வரைகலை இடைமுகத்தைப் பயன்படுத்தும் விளையாட்டுகளில், மெலிந்த புரொசசரோடு சேரும்போது ஏஎம்டி கார்டுகள் பல சமயம் கூடுதல் பிரேம் தருகின்றன.

டிரைவர் ஆதரவின் காலத்தையும் கவனியுங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஜிடிஎக்ஸ் 16 வரிசை இந்த வெட்டில் அகப்படவில்லை. 1050 டிஐயும் 1650 உம் அருகருகே விலை சொல்லப்பட்டால் 1650 ஐ எடுப்பதற்கு இது வலுவான காரணம். ஜிடி 710, ஜிடி 730 ஆகியவற்றின் காலம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. புதுப் பெட்டியில் வந்தாலும் அவற்றை விளையாட்டுக்கென வாங்குவதில் பொருளில்லை.

## விளையாட்டுக்கு வெளியே

கலியாண வீடியோ தொகுப்பவர்களுக்கும் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன பிரேம் கணக்கு அப்படியே பொருந்தாது. கைத்தொலைபேசிகளும் கமராக்களும் பல இன்று எச்இவிசி என்ற சுருக்கிய வீடியோ வடிவில் பதிவுசெய்கின்றன. நான்காம் தலைமுறை புரொசசரின் உள்ளமைந்த கிராபிக்ஸில் அதை முழுமையாகப் பிரித்துக் காட்டும் வன்பொருள் இல்லை. சுமை முழுவதும் கோர்கள் மேல் விழுகிறது. எச்இவிசியைத் தானே கையாளும் கார்ட் ஒன்றைப் போட்டதும், தொகுப்பு மென்பொருளும் அதைப் பயன்படுத்தும் வகையினதானால், திணறல் கண்கூடாகக் குறையும். தொகுத்த வீடியோவைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது, அதைச் சுருக்கும் கார்டிலுள்ள வீடியோ என்கோடர் உதவும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் அந்த என்கோடரே கிடையாது. வீடியோ வேலைக்கு அவற்றைத் தவிர்த்து, ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 பக்கம் போவதே முறை.

## பாவித்த கார்ட், மலைக் காலநிலை, மின்சாரம்

இதரியம் என்ற மின்னியல் நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் அகழ்வு முறையை 2022 செப்டெம்பரில் கைவிட்ட பின், அகழ்வில் உழைத்த ஏராளமான கார்டுகள் பாவித்த பொருள் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 570, 580 ஆகியவற்றில் இவை அதிகம். அகழ்வில் இருந்தது என்பதற்காக மட்டும் ஒரு கார்ட் கெட்டுவிடாது; விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும். போலிகள்தான் பெரிய ஆபத்து. மிகப் பழைய சில்லுள்ள கார்டின் பயோஸை (அதற்குள் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளை) மாற்றி, விண்டோஸில் 1050 டிஐ என்று காட்டவைத்த கார்டுகள் உலவுகின்றன. ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான போலிகளை அடையாளம் காட்டிவிடும். கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கி, பழுது என்றால் மஸ்கெலியாவிலிருந்து திரும்பக் கொண்டுபோவது ஒரு நாள் வேலையையும் பயணச் செலவையும் விழுங்கும். கடையிலேயே கார்டைப் பூட்டி, அரைமணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

காலநிலை ஒரு விதத்தில் துணை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி ஒரு சுற்றில் அள்ளிச் செல்லும் வெப்பமும் அதற்கேற்பக் குறையும். ஆனால் அறை வெப்பநிலை கொழும்பை விட 10 பாகை செல்சியஸுக்கும் மேல் தணிந்திருப்பதால் மொத்தத்தில் கார்ட் குளிர்ச்சியாகவே ஓடும். கவலை ஈரப்பதம் பற்றியது. பனிமூட்டம் வீட்டுக்குள் புகும் மாதங்களில், குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மேல் ஈரம் படியலாம். ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். குளிரான வழியில் வந்த கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பூட்டாமல் சில மணி நேரம் அறையில் வைத்திருங்கள்.

பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் காலங்களில் பிற்பகல் இடி மின்னல் மலையகத்தில் வழக்கம். மின்மாற்றியிலிருந்து தொலைவில், நீண்ட வயரின் கடைசியில் இருக்கும் தோட்டக் குடியிருப்புகளில் மாலையில் மின்னழுத்தம் தாழ்வதும் உண்டு. கார்ட் போட்டதும் கணினி இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. பழைய யூபிஎஸ் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வாட் ஆகாது. மலிவான யூபிஎஸ்களில் அது சுமார் 60 சதவீதம், அதாவது 390 வாட் அளவே. மின்னல் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுவதற்கு நிகரான பாதுகாப்பு வேறில்லை.

## பூட்டும் நாளில்

1. பழைய மொனிட்டரில் விஜிஏ இணைப்பு மட்டும் இருந்தால், மாற்றி ஒன்றை முன்கூட்டியே வாங்குங்கள். பொருந்தும் என்று மேலே சொன்ன கார்டுகளில் பொதுவாக விஜிஏ வெளியீடு இல்லை.

2. மொனிட்டர் வயரைக் கார்டின் பின்புறத்தில் செருகுங்கள். மதர்போர்ட்டின் பின்புறத்தில் செருகிவிட்டு "கார்ட் வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் திரும்புவோர் உண்டு.

3. பழைய டிரைவரை நீக்கிவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதை இறக்குங்கள்.

4. திரை கறுப்பாகவே இருந்தால், மதர்போர்ட்டின் பயோஸ் பழையதாக இருக்கலாம். குறிப்பாக இரண்டாம் தலைமுறைக் கணினிகள் சில புதிய கார்டுகளை அடையாளம் காண்பதில்லை. கார்டைக் கழற்றி, உள்ளமைந்த கிராபிக்ஸில் கணினியைத் திறந்து, கணினி நிறுவனத்தின் தளத்திலுள்ள கடைசிப் பயோஸை ஏற்றுங்கள். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் மதர்போர்ட் பாழாகிவிடக்கூடும். யூபிஎஸ் இல்லாமலும், மழை இருட்டிக்கொண்டு வரும் பிற்பகலிலும் அந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.